மளிகை டெலிவரி: முதலில் போன் போட்டவருக்கா, வீட்டில் அரிசி தீர்ந்தவருக்கா?

ஒக்கியம்வாசி | 2 ஜூன் 2021, காலை 9.10

கொரோனா முழு ஊரடங்கில், முந்தாநாளில் இருந்து மளிகைக்கடைக்காரர்கள் போனிலோ ஆன்லைனிலோ ஆர்டர் எடுத்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கலாம், மாநகராட்சி அனுமதியோடு வண்டியிலும் தள்ளுவண்டியிலும் தெருவுக்கு வந்து விற்கலாம் என்று அரசு சொல்லியிருக்கிறது. காலை 7 முதல் மாலை 6 வரை. கடையைத் திறந்து வைத்து விற்கத்தான் கூடாது. நல்ல ஏற்பாடு என்று ஆளாளுக்குப் பாராட்டுகிறார்கள். யாருக்கு நல்லது?

நான் இருப்பது சென்னையில், கண்ணகி நகர். குடிசைப் பகுதி மக்களை மறுகுடியமர்த்திய, பதினைந்தாயிரம் வீடுகளுக்கு மேல் இருக்கிற இடம். போனில் மளிகை ஆப்பைத் திறந்து வரைபடத்தில் எங்கள் ப்ளாக் மேல் புள்ளியை வைத்தால் ‘இப்பகுதிக்குச் சேவை இல்லை’ என்கிறது. அதே புள்ளியை விரலால் கொஞ்சம் நகர்த்தி ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் இருக்கிற அடுக்குமாடி மேல் வைத்தால் ‘காலையா, மாலையா’ என்று கேட்கிறது. சரி, ஆப் வேண்டாம் என்று பக்கத்துக் கடைக்குப் போன் போட்டால், குறைந்தது 500 ரூபாய்க்கு வாங்க வேண்டும், பணத்தை முதலில் ஜிபேயில் போட்டுவிட வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா கொத்து வேலைக்குப் போகிறவர். கால் கிலோ பருப்பு, ஐம்பது ரூபாய்க்கு எண்ணெய், இரண்டு முட்டை என்று அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு வாங்கித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. மே 22, 23 தேதிகளில் கடைகளை இரவு 9 மணி வரை திறந்து வைத்து ‘ஒரு வாரத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றார்கள். ஒரு வாரத்துக்கு வாங்கக் கையில் காசு? அரசு கொடுத்த கொரோனா நிவாரணத்தின் முதல் தவணை 2000 ரூபாயில் பாதி வாடகை பாக்கிக்கே போய்விட்டது.

நான் சொல்வது இதுதான். ஊரடங்கு முடிகிற வரை டெலிவரிக்கு ஒரு வரிசை வேண்டும். நோயில் படுத்திருக்கும் வீடு, தனியாக இருக்கும் முதியவர், சிறிய தொகைக்கு வாங்குபவர், இவர்களுக்குப் போன பிறகுதான் மற்றவர்களுக்கு. குறைந்தபட்ச ஆர்டர் என்பதே இருக்கக் கூடாது.

அண்ணாச்சிகடை | காலை 9.48

தம்பி, கடைக்காரன் பக்கத்தையும் கேளுங்கள். பெரம்பூரில் எனக்குச் சின்னக் கடை. நான், மச்சான், ஊரில் இருந்து வந்த பையன்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் உடன்குடிக்கே திரும்பிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலையில் இருந்து வாட்ஸ்அப்பில் சீட்டு சீட்டாக வந்து விழுகிறது. பாதிச் சீட்டில் கையெழுத்துப் புரியாது. ஒவ்வொருவருக்கும் திரும்பப் போன் போட்டு ‘உளுந்து முழுசா, உடைச்சதா’, ‘சாம்பார்ப் பொடி எந்த கம்பெனி’ என்று கேட்டு, கட்டி, பில் போட்டு, வண்டியில் ஏற்றிப் போனால் வீட்டில் ஆள் கதவைத் திறக்கப் பத்து நிமிடம். திறந்ததும் ‘இந்தப் பிராண்ட் வேண்டாமே’.

80 ரூபாய் ஆர்டரில் எனக்கு நிற்பது ஐந்தோ ஆறோ ரூபாய். பெட்ரோல் 96 ரூபாயைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வைத்தால் புகார் போகும். டெலிவரிக்கு 20 ரூபாய் கேட்டால் பகல் கொள்ளை என்பார்கள். குறைந்தபட்ச ஆர்டரை எடுத்துவிடுங்கள், மறுநாளே நான் போனை அணைத்து வைத்துவிடுவேன். அப்போது எல்லோருக்கும் சமமாக ஒன்றும் கிடைக்காது.

கடை திறந்திருந்தால் நீங்கள் சொல்லும் அக்கா என் மாதிரிக் கடைக்குத்தான் வருவார். கால் கிலோவும் கட்டுவோம், நூறு கிராமும் கட்டுவோம். ஷட்டரை இறக்கச் சொன்னது நானில்லை.

ஏழாவதுமாடி | காலை 10.15

பெருங்குடியில் எங்கள் குடியிருப்பில் 160 வீடுகள். அசோசியேஷனில் எல்லோருடைய தேவையையும் ஒரே ஷீட்டில் வாங்கி, மொத்த வியாபாரியிடம் கொடுத்து, ஒரே டாடா ஏஸ் சரக்கு வண்டியில் வரவழைக்கிறோம். கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். இத்தனை வீட்டுக்காரர்களும் தனித்தனியாக வெளியே சுற்றுவதைவிட இது ஊருக்கே நல்லதுதானே? மே 21-ஆம் தேதி மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அது நினைவிருக்கட்டும்.

அடுக்குமாடிக்காரன் என்றாலே எதையோ பிடுங்கித் தின்கிறவன் போலப் பேசுவது சரியில்லை. உங்கள் ப்ளாக்கிலும் இப்படி ஒரு குழு போடலாமே? ஷீட்டை நானே அனுப்பி வைக்கிறேன்.

ஒக்கியம்வாசி | காலை 10.31

ஷீட் போட எங்களுக்கும் தெரியும் சார். எங்கள் ப்ளாக்கில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்களே இருக்கிறார்கள். இல்லாதது முன்பணம். மொத்த வியாபாரி ஐம்பதாயிரத்துக்குக் குறைந்து வண்டியை எடுக்க மாட்டேன் என்கிறார்.

உங்கள் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் இருந்துதான் வருகிறார்கள். மே மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றா என்று கேட்டால் விவாதம் திசை மாறும். அதனால் கேட்கவில்லை.

ஏழாவதுமாடி | காலை 10.34

என் வீட்டில் கொடுத்தாயிற்று. முழுதாக.

கணக்குடீச்சர் | காலை 11.02

இரண்டு பேரும் பணக்காரர், ஏழை என்று மட்டும் பிரித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். நான் மேற்கு மாம்பலம். வயது 71. தனியாக இருக்கிறேன். பென்ஷன் வருகிறது, பணத்துக்குக் குறையில்லை. என்னிடம் இருப்பது பட்டன் போன். என் மகன் துபாயில் உட்கார்ந்துகொண்டு இந்த ஊர் ஆப்பில் எனக்கு அரிசி போட முயல்கிறான். நள்ளிரவில் டெலிவரி நேரத்துக்கான பதிவு திறக்குமாம், கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடுமாம்.

தோட்டக்கலைத் துறையும் மாநகராட்சியும் விடுகிற காய்கறி வண்டி வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. தெருமுனையில் நிறுத்தி மைக்கில் கூப்பிடுகிறார்கள். முழங்கால் வலியோடு இரண்டு மாடி இறங்கி நான் கேட்டுக்கு வருவதற்குள் அடுத்த தெருவில் மைக் கேட்கிறது.

போன ஜூனில் சென்னைக்கும் சுற்றியுள்ள பகுதிகளுக்கும் ஊரடங்கு போட்டார்களே, அப்போது அரிசி அட்டைக்காரர்களுக்கு ஆயிரம் ரூபாயை ரேஷன் ஊழியர்கள் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், வயது என்ன என்பது அரசாங்கத்துக்குத் தெரியாததா? குடும்ப அட்டையில் பிறந்த தேதியே இருக்கிறது. 65 வயதுக்கு மேல் தனியாக இருப்பவர்களின் பட்டியலை எடுத்து வார்டு அலுவலகத்தில் கொடுத்தால், கடைக்காரர் முதல் நடையை அங்கே போகட்டும்.

லீட்ஸ்மதுரைக்காரன் | காலை 11.40

டீச்சர் சொன்னதைப் போன வருடம் இங்கிலாந்தில் செய்து பார்த்தார்கள். நோய் வந்தால் மிகவும் ஆபத்து என்று மருத்துவர்கள் கருதியவர்களின் பட்டியல், சுமார் 22 லட்சம் பேர். அதை அரசு பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளுக்குக் கொடுத்தது. அந்தப் பெயர்களுக்கு டெலிவரி நேரத்தில் முன்னுரிமை. வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கு இலவச உணவுப் பெட்டியும் வாசலுக்கு வந்தது. வேலை செய்தது, சந்தேகமே இல்லை.

ஆனால் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் திண்டாடினார்கள். கண் தெரியாதவர், நடக்க முடியாதவர், எண்பது வயதாகியும் குறிப்பிட்ட நோய் எதுவும் இல்லாதவர். ‘உங்கள் பெயர் இல்லை’ என்று அவர்களுக்குக் கதவு மூடியது. பட்டியல் போட்டால், அதில் பெயர் சேர்க்க ஒரு போன் எண்ணையும் அதை எடுக்க ஒரு ஆளையும் கூடவே வைக்க வேண்டும்.

அண்ணாச்சிகடை | பகல் 12.05

அங்கே நாலைந்து பெரிய கம்பெனிகளுக்குப் பட்டியலை அனுப்பினால் வேலை முடிந்தது. இங்கே தெருவுக்கு மூன்று கடை. யார் வீட்டில் காய்ச்சல் என்கிற பட்டியலை என் மாதிரிக் கடைக்காரன் கையில் கொடுப்பீர்களா? போன வருடம் தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். அதற்கப்புறம் அந்தக் குடும்பங்களிடம் அக்கம்பக்கம் எப்படி நடந்துகொண்டது என்று எங்கள் தெருவில் பார்த்தேன். அந்தப் பட்டியல் என் கல்லாப்பெட்டியில் கிடப்பதை நான் விரும்பவில்லை. வயதுப் பட்டியல் என்றால் பரவாயில்லை. டீச்சர் வீட்டுக்கு முதல் நடை போவதில் எனக்கு மறுப்பே கிடையாது. மாம்பலம்தான் கொஞ்சம் தூரம்.

பைபாஸ்ரைடர் | பகல் 12.50

மளிகை கொண்டுவருகிற ஆளை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இரண்டு ஆப்களுக்கு வண்டி ஓட்டுகிறேன்.

ஒன்று, ‘சேவை இல்லை’ என்று நாங்கள் முடிவு செய்வதில்லை. கண்ணகி நகரில் என் அத்தை வீடே இருக்கிறது. ஆர்டர் வந்தால் போவேன். வராது. எங்கோ உட்கார்ந்து யாரோ வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, எங்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆர்டருக்கு இவ்வளவு என்றுதான். டீச்சர் வீட்டுக்கு இரண்டு மாடி ஏறி, மூட்டையை உள்ளே வைத்துவிட்டு, நிதானமாகச் சில்லறை வாங்கிக்கொண்டு இறங்க எனக்கு ஆசைதான். அந்த நேரத்தில் அடுத்த ஆர்டர் போய்விடும். முன்னுரிமை என்று ஒரு பட்டனை வைக்கச் சொல்கிறீர்களே, அந்த ஆர்டருக்குக் கூடுதல் காசு யார் போடுவார்கள்? கம்பெனி போடாது. அப்படியென்றால் உங்கள் முன்னுரிமை என் பெட்ரோலில் ஓடும்.

அப்புறம் அடுக்குமாடி சார், உங்கள் பக்கத்துக் குடியிருப்புகளில் எங்களை லிஃப்டில் ஏற விடுவதில்லை. கேட்டோடு இறக்கிவிட்டுப் போ என்றால் சந்தோஷம். இருபத்தைந்து கிலோ அரிசியைப் படியில் தூக்கிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு வா என்றால்? கொரோனா தடுப்பூசிக்கு எங்களை முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். முகாமுக்குப் போனால் ஸ்டாக் இல்லை.

ஏழாவதுமாடி | பகல் 1.20

லிஃப்ட் விஷயத்தை எங்கள் கூட்டத்தில் எடுக்கிறேன்.

இவ்வளவு சிக்கலும் எதனால்? கடையை மூடியதால். இடைவெளி விட்டு வட்டம் போட்டு, காலையில் நாலு மணி நேரம் திறந்து வைத்தால் வரிசையும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். அரசாங்கம் எதற்கு டெலிவரியில் தலையிட வேண்டும்?

கணக்குடீச்சர் | பகல் 1.42

அதையும்தான் பார்த்தோமே. மே மாதத் தொடக்கத்தில் பகல் 12 வரை, 15-ஆம் தேதியில் இருந்து 10 வரை என்று நேரத்தைச் சுருக்கினார்கள். வாங்க வருகிற தலைகள் அதேதான், நேரம்தான் குறைவு. கூட்டம் குறையுமா, நெருங்குமா? ஏழாம் வகுப்புக் கணக்கு. போன வருடம் ஏப்ரலில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், அதற்கு முதல் நாள் கடைத்தெருவில் நின்ற கூட்டத்தை டிவியில் பார்த்தவர்கள் யாரும் கடையைத் திறந்தால் போதும் என்று சொல்ல மாட்டார்கள். என் வயதுக்காரர்கள் அந்த வரிசையில் நிற்கவும் முடியாது.

ஒக்கியம்வாசி | பிற்பகல் 2.30

அண்ணாச்சி சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. ஐந்து ரூபாய் லாபத்துக்கு யாரும் படியேற மாட்டார்கள். அதனால்தான் இதைக் கடைக்காரர் மனசாட்சியில் விடக் கூடாது என்கிறேன்.

மாநகராட்சி அனுமதி கொடுக்கிறது இல்லையா? அந்த அனுமதியோடு ஒரு நிபந்தனை வைக்கட்டும். ஆன்லைனில் விற்கிற பெரிய கடை, எங்கள் பகுதிக்கும் ஒரு வண்டி அனுப்ப வேண்டும். மாநிலம் முழுக்கக் காய்கறிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை விட முடிந்ததே, பருப்புக்கு ஏன் முடியாது? ரேஷனில் 14 வகை மளிகைப் பொருள் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பையையும் கடையில் வரிசை கட்டி வாங்க வைக்காமல், ப்ளாக் வாசலில் கொண்டுவந்து கொடுக்கட்டும். டீச்சர் சொன்ன ஆயிரம் ரூபாய் வந்த அதே வழி.

அண்ணாச்சிகடை | பிற்பகல் 3.05

இது கொஞ்சம் நடக்கிற பேச்சு. பெரிய கடைக்கு நிபந்தனை போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, சந்தோஷம்தான். வீடு வீடாக எண்பது ரூபாய்க்கு நான் போக முடியாது. ஆனால் துவரம்பருப்பு, சர்க்கரை, ரவை, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் நூறு கிராம், கால் கிலோ பொட்டலமாகக் கட்டி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, ஒரு சந்தில் அரை மணி நேரம் நிறுத்தினால் எனக்குக் கட்டுப்படியாகும். இருபது பேர் வாங்கினாலே கூலி வந்துவிடும். எண்ணெய்தான் சிக்கல், சில்லறையாக ஊற்ற முடியாது, சின்ன பாக்கெட் வரத்தும் குறைவு.

அனுமதிச் சீட்டு வாங்க வார்டு அலுவலகத்துக்கு மச்சான் போயிருக்கிறார். போலீஸ் நிறுத்தினால் அதைக் காட்டலாம். ஒரே நிபந்தனை, வண்டியில் ரொக்கம்தான். நோட்டில் எழுத மாட்டேன்.

ஒக்கியம்வாசி | பிற்பகல் 3.12

அங்கேதான் மறுபடியும் அடிபடுகிறோம் அண்ணாச்சி. வேலையே இல்லாத மாதத்தில் ரொக்கத்துக்கு எங்கே போவார்கள்? கடனுக்குக் கொடுத்த கடைதான் இத்தனை வருடம் சோறு போட்டது.

அண்ணாச்சிகடை | பிற்பகல் 3.26

பழைய நோட்டில் பெயர் இருப்பவருக்கு எழுதிக்கொள்வேன். போன ஊரடங்கில் எழுதியதே இன்னும் பாதி வரவில்லை, அதற்காக நான் யாரிடமும் போய்ச் சத்தம் போடவில்லை. புது ஆளுக்குக் கடன் கொடுக்க என்னைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மொத்தக் கடைக்காரர் எனக்கே இப்போது கடன் தருவதில்லை.

ஒக்கியம்வாசி | பிற்பகல் 3.31

அப்படியானால் பெரம்பூரில் உங்கள் நோட்டில் இருப்பவர்களுக்கு வழி கிடைத்துவிட்டது. இங்கே கேள்வி அப்படியே நிற்கிறது. நிபந்தனை மனு ஒன்று எழுதி மண்டல அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறேன். டீச்சர், எழுத்துப்பிழை பார்த்துக் கொடுப்பீர்களா?

கணக்குடீச்சர் | பிற்பகல் 3.50

அனுப்பு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில்தான் இதையெல்லாம் தட்டுகிறேன், அவளுக்கு ஆன்லைன் வகுப்பு ஐந்து மணிக்கு. அதற்குள் அனுப்பு. மாடிக்கு வந்து கொடுக்க வேண்டும் என்பதையும் மனுவில் சேர்.

பைபாஸ்ரைடர் | மாலை 4.15

அண்ணாச்சி, மீன்பாடி வண்டிக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். ஆர்டருக்கு இவ்வளவு என்று வேண்டாம், நாள் கூலியாகப் பேசுங்கள்.

அண்ணாச்சிகடை | மாலை 4.22

கூலியை இங்கே எல்லார் முன்னாலும் பேச வேண்டாம் தம்பி. தனியாகச் செய்தி போடு.