ரிஜிஸ்டர் பண்ணாத அக்ரிமென்ட், 1 ஏக்கர் 40 சென்ட், எழுதிக் குடுத்தவர் இறந்துட்டார்... நிலம் கைவிட்டுப் போயிருமா?

முருங்கைக்காடு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். 2014 மாசில எங்கப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட 5 லட்சத்து 40 ஆயிரம் பேசி 20 ரூபா பத்திரத்துல அக்ரிமென்ட் போட்டாரு. ரிஜிஸ்டர் பண்ணல. கிணத்துப் பாதைய அளந்து முடிச்சதும் கிரயம்னு எழுதிருக்கு, தேதி எதுவும் போடல. அன்னைக்கே நிலத்த விட்டுட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் நாங்கதான் முருங்கை போட்டு அனுபவிக்கிறோம். 4 லட்சத்து 50 ஆயிரம் குடுத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் அக்ரிமென்ட்டுக்குப் பின்பக்கம் அப்பா பேனாவுல தொகைய எழுதி அவர் கையெழுத்து வாங்கிருக்கார், கடைசி வரவு அவர் பொண்ணு கல்யாணத்தப்போ 40 ஆயிரம். அளக்கற வேலை இழுத்துக்கிட்டே போக அவரும் 2021ல தவறிட்டார். இப்ப அவர் பையன் அந்த பேப்பர் செல்லாது, வேற பார்ட்டிக்கு பேசியாச்சுன்னு சொல்றான். அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. யாராவது வழி சொல்லுங்க.

தென்னந்தோப்பு:
தம்பி மொதல்ல அப்பாவ சாப்பிடச் சொல்லுங்க, பேப்பர் செல்லாதுன்னு அவன் சொல்றது முழுசா உண்மை இல்ல. நம்ம தமிழ்நாட்டுல 2012 டிசம்பர் 1ல இருந்து கிரய அக்ரிமென்ட்ட கட்டாயம் ரிஜிஸ்டர் பண்ணணும்னு சட்டம், அது வாஸ்தவம். ஆனா கிரயம் பண்ணிக் குடுன்னு போடற கேஸ்ல ரிஜிஸ்டர் ஆகாத அக்ரிமென்ட்டையும் சாட்சியா எடுத்துக்கலாம்னு பதிவுச் சட்டம் 49வது பிரிவுலயே இருக்கு, 2023 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டும் நம்ம தமிழ்நாட்டு கேஸ்லயே இத சொல்லிருச்சு. அதுக்காக நிலம் உங்களுதுன்னு ஆயிடாது, அக்ரிமென்ட் எப்பவுமே கிரயம் கேக்கற உரிமை மட்டுந்தான்.

நாங்கதான அனுபவத்துல இருக்கோம்னு தெம்பாவும் இருந்துராதீங்க. அக்ரிமென்ட் போட்டு அனுபவத்துல இருக்கறவங்கள வெளியேத்த விடாம சொத்து மாற்றுச் சட்டம் 53ஏ பிரிவுல கிடைச்ச பாதுகாப்பு 2001 செப்டம்பருக்கு அப்புறம் போட்டதுன்னா ரிஜிஸ்டர் ஆன அக்ரிமென்ட்டுக்குத்தான். 12 வருஷம் அனுபவிச்சா நிலம் நமக்கே, அனுபவ பாத்தியம்னு யாராவது கிளப்பி விடுவாங்க, நம்பாதீங்க, அவர் சம்மதத்தோட உள்ள வந்தவங்க அத கேக்கறது ரொம்பக் கஷ்டம்.

முக்கியமான கேள்வி, கிரயம் முடியாதுன்னு அவங்க மொதமொத சொன்னது எப்போ? தேதி போடாத அக்ரிமென்ட்டுக்கு அது உங்களுக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து 3 வருஷந்தான் கெடு.

கரிசல்மண்:
அண்ணன் சொன்ன அந்த 3 வருஷத்துலதான் எங்க குடும்பம் அடிபட்டுச்சு. எங்க மாமா 'பேசித் தீத்துக்கலாம் பேசித் தீத்துக்கலாம்'னே அலைஞ்சாரு, எதிர்பார்ட்டி அனுப்புன வக்கீல் நோட்டீஸ பீரோவுல வச்சுட்டு யார்கிட்டயும் சொல்லல. நாங்க கோர்ட்டுக்குப் போனப்ப 3 வருஷம் தாண்டி 5 மாசம். கேஸ் தள்ளுபடி, 11 வருஷம் உழுத நிலம் போயிருச்சு. தயவுசெஞ்சு வீட்டுல இருக்கற எல்லா கவரையும் இன்னைக்கே பிரிச்சுப் பாருங்க.

வாய்தா_வக்கீல்:
மேல சொன்னது சரி. நான் இந்த மாதிரி கேஸ் நடத்தறவன், நாலு விஷயம் சேத்துச் சொல்றேன். பையனுக்கு மட்டுமில்லாம வாங்கப் போற பார்ட்டிக்கும் உடனே நோட்டீஸ் அனுப்புங்க. வில்லங்கத்துல உங்க அக்ரிமென்ட் வராது, அதனால எனக்கு எதுவுமே தெரியாதுன்னு நாளைக்கு அவர் சொல்ல வழி இருக்கு. நிலத்துல வேற ஆள் விவசாயம் பாத்தா அவர்கிட்ட விசாரிக்கறது வாங்கறவன் பொறுப்புன்னு சட்டம் இருக்குதான், இருந்தாலும் நோட்டீஸ் கையில இருந்தா பேச்சே இல்ல.

பாக்கி 90 ஆயிரம் ரெடியா இருக்குன்னு பாஸ்புக்ல காட்டணும். இலவச கரண்ட்ங்கறதால உங்க பேர்ல பில் இருக்காது, அதனால முருங்கை போட்ட கமிஷன் மண்டி சீட்டு அத்தனையும் எடுத்து வைங்க. அப்புறம் பயத்துல தடை உத்தரவுக்கு மட்டும் தனியா ஒரு கேஸ் போட்றாதீங்க. அப்படி போட்டுட்டு பின்னாடி கிரயம் கேட்டா ஒரே விஷயத்துல கேக்க வேண்டியதையெல்லாம் ஒரே கேஸ்ல கேக்கணும்ங்கற சிவில் நடைமுறைச் சட்டத்தோட ஆர்டர் 2 ரூல் 2 குறுக்க வரும், சென்னை கேஸ் ஒண்ணுல 2012லயே சுப்ரீம் கோர்ட் அப்படி தள்ளிருக்கு. ஒரே கேஸ்ல கிரயம், தடை, இல்லன்னா அட்வான்ஸ் திருப்பித் தரணும்னு மூணும் கேளுங்க. கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், உங்களுக்கு 16,200 வரும். நிலம் அவர் சுயமா வாங்குனதா, பூர்வீகமா?

முருங்கைக்காடு:
ரொம்ப நன்றி சார், அண்ணன்மாருக்கும் நன்றி. நிலம் அவரே 1998ல கிரயம் வாங்குனது, அப்பாகிட்ட ஜெராக்ஸ் இருக்கு. பையன் தவிர ரெண்டு பொண்ணுங்க. கரிசல்மண் அண்ணன் சொன்னத படிச்சுட்டு ட்ரங்க் பெட்டிய கவுத்துட்டேன், மண்டி சீட்டு ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கு, அதுக்கடியில பிரிக்காத ரிஜிஸ்டர் தபால் ஒண்ணு. போன ஆடி மாசம் வந்திருக்கு. இப்பதான் பிரிச்சுப் பாத்தேன், கிரயம் பண்ண முடியாதுன்னு அவங்க வக்கீல் எழுதிருக்காரு.

வாய்தா_வக்கீல்:
போன ஆடின்னா நேரம் இருக்கு. அதுக்கு முன்னாடி வாயால முடியாதுன்னு எப்பவாவது சொன்னாங்களான்னு அப்பாகிட்ட தெளிவா கேளுங்க. ரெண்டு பொண்ணுங்களையும் கேஸ்ல சேக்கணும். அந்த கவர தூக்கிப் போடாம தபால் முத்திரையோட அப்படியே எடுத்துட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க, இந்த வாரமே ஒரு சிவில் வக்கீலப் பாருங்க.

முருங்கைக்காடு:
நாளைக்கே போறோம் சார். அப்பா பாஸ்புக் எடுத்து வச்சுட்டு இப்பதான் சாப்பிட உக்காந்தாரு.