ஆள் வந்தும் வராத அலர்ட், ஆளே இல்லாமல் வந்த அலர்ட்: உங்கள் அனுபவம்?

தாம்பரம்வாசி:
வாசல் கேமராவில், ஆளைக் கண்டால் போனுக்கு வரும் பர்சன் அலர்ட் மட்டும்தான் ஆனில் இருக்கிறது. எது அசைந்தாலும் வரும் மோஷன் அலர்ட்டை வைத்தால் தெருநாய், மாடு, எதிர்வீட்டு வேப்பமரம் எல்லாவற்றுக்கும் போன் அடிக்கும், உங்களுக்குத் தெரியாததில்லை. அம்மா விடியற்காலையில் கோலம் போட்டுவிட்டு எழும்போது தலைசுற்றி கேட்டோரமாக உட்கார்ந்துவிட்டார். பால்காரர்தான் பார்த்து பெல் அடித்தார். அப்புறம் மெமரி கார்டில் இருந்த பதிவை எடுத்துப் பார்த்தேன். குனிந்த முதுகு, புள்ளி வைக்கும் கை, பக்கத்தில் கோலமாவு டப்பா, எல்லாம் தெளிவாக இருக்கிறது. எழுந்தது, தடுமாறியது, கேட்டைப் பிடித்தது வரை இருக்கிறது. அலர்ட் பட்டியலில் மட்டும் அந்த நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்திய பிறகுதான் 'ஆள்' என்று பதிவாகியிருக்கிறது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார், பிரஷர் மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவ்வளவு நேரம் எதிரிலேயே இருந்தவர் அந்தக் கேமராவுக்கு ஆளாகத் தெரியவில்லையே, அதுதான் ஆறவில்லை. வேறு யாருக்காவது இப்படி?

குடந்தைக்காரன்:
எனக்கு நேர் எதிர். நான் துபாயில், மனைவியும் குழந்தையும் கும்பகோணத்தில். புதுவீட்டு போர்டிகோவில் திருஷ்டி பொம்மை கட்டியிருக்கிறோம். ஆடிக் காற்று அடித்த ராத்திரி 'ஒருவர் கண்டறியப்பட்டார்' என்று வந்தது. படத்தில் சுவரோரமாக ஒரு உருவம். மனைவிக்குப் போன் போட்டால், "கதவைத் திறந்து பார்க்கவா?" என்கிறாள். திறக்காதே என்று கத்திவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். முறுக்கு மீசை, நாக்கு, உருண்டைக் கண். அந்தப் பொம்மைதான். இன்றைக்கும் அலர்ட் சத்தம் கேட்டால் அவள் குரல்தான் முதலில் காதில் விழுகிறது.

பொம்மையின் பக்கத்தை மட்டும் ஜோனிலிருந்து, அதாவது கேமரா கவனிக்க வேண்டிய பகுதியிலிருந்து, வெட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. உருவத்தைச் சுற்றிப் போடும் கட்டத்தில் கொஞ்சம் ஜோனுக்குள் வந்தாலும் என் கேமரா அலர்ட் அனுப்பிவிடுகிறது. மாமியாரிடம் பேசி பொம்மையைப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றிய பிறகு சரியானது.

மதுரை ஒயர்மேன்:
தாம்பரம் தம்பி, நான் கேமரா மாட்டுகிறவன், அதனால் சொல்கிறேன். ஒரு வீட்டில் இரண்டாம் மாடி சன்ஷேடில்தான் மாட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அந்த வீட்டில் பேட்டரி திருடியவன் தலை உச்சி மட்டும் தெரிந்தது. ஒரு வழுக்கை வட்டம், அவ்வளவுதான். பர்சன் அலர்ட் வரவில்லை.

எட்டடியிலிருந்து பத்தடிக்குள் மாட்டுங்கள், ரொம்பக் கீழ்நோக்கிச் சாய்க்காதீர்கள். நிற்கிற, நடக்கிற உருவத்தைக் கேமரா எளிதாகப் பிடிக்கும். குனிந்து முதுகைக் காட்டினால் தலை, தோள், கால் எதுவும் தனித்துத் தெரியாது. தூரத்தையும் பாருங்கள். 1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல். 100 டிகிரி லென்ஸ் பத்து மீட்டர் தள்ளி ஏறக்குறைய 24 மீட்டர் அகலத்தைக் காட்டும், அப்படியென்றால் மீட்டருக்கு 80 பிக்சல். ஐஇசி 62676-4 என்கிற சர்வதேச கேமரா தரவிதியின் 2014 பதிப்பில், படத்தைப் பார்க்கிறவருக்கு ஆள் இருப்பது தெரிய மீட்டருக்கு 25, தெரிந்த முகமா என்று சொல்ல 125, தெரியாதவரை அடையாளம் காட்ட 250 வேண்டும் என்று இருந்தது. பல கேமராக்கள் படத்தைச் சுருக்கித்தான் ஆராய்கின்றன என்பதால் கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. எனவே வாசலுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். போனில் கேமரா ஆப்புக்குப் பேட்டரி சேமிப்பை எடுத்துவிடுங்கள், ஆட்டோஸ்டார்ட் கொடுங்கள், இல்லாவிட்டால் கேமரா அனுப்பினாலும் போன் அமுக்கி வைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் எழுந்திருக்க நேரமாகும், அதையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். இதெல்லாம் செய்துவிட்டு, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் யாரையாவது குனிந்து உட்காரச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.

தாம்பரம்வாசி:
அண்ணா, கேமரா எட்டடியில்தான் இருக்கிறது. தூரமும் கோலத்துக்கு மூன்று மீட்டர்கூட இருக்காது. பதிவில் அம்மாவின் வளையல்கூடத் தெரிகிறது. பிக்சல் குறைவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வேலூர் வெயில்:
ஒயர்மேன் அண்ணா சொல்வது வயரில் ஓடுகிற கேமராவுக்குச் சரி. என்னுடையது பேட்டரி கேமரா. கத்திரி வெயிலில், பட்டப்பகலில், பின்கட்டிலிருந்த காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கிடைத்தது கடைசிச் சில நொடிகள்தான். மொபெட்டில் சிவப்பு சிலிண்டர், அவன் முதுகு, நம்பர் பிளேட்டை மறைத்துத் தொங்கும் துண்டு. உள்ளே வந்தது, தூக்கியது எதுவும் இல்லை.

பேட்டரி கேமரா எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். பிஐஆர் சென்சார் எழுப்பினால்தான் பதியும். அந்த சென்சார் உருவத்தைப் பார்ப்பதில்லை, உடம்புச் சூட்டுக்கும் பின்னால் இருக்கும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. தோலின் வெப்பம் 33, 34 டிகிரி. எங்கள் ஊரில் மே மாதச் சுவர் அதைத் தாண்டிக் கொதிக்கும். சுவரும் மனிதனும் ஒரே சூட்டில் இருக்கும் நேரம் வந்தால் அதற்கு எதுவும் நகரவே இல்லை. போதாததற்கு அவன் கேமராவை நோக்கி நேராக நடந்து வந்திருக்கிறான். பிஐஆர் குறுக்கே போகிறவனைப் பிடிக்கும் அளவுக்கு நேரே வருகிறவனைப் பிடிக்காது. இப்போது கேமராவைப் பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டேன், வருகிறவன் குறுக்கே நடந்துதான் ஆக வேண்டும். சென்சிட்டிவிட்டியை ஏற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். வித்தியாசமே இல்லாத இடத்தில் எதை ஏற்றுவது?

நாகர்கோவில் அக்கா:
எனக்கு நைட் டியூட்டி, பையன் வீட்டில் தனியாக இருப்பான். ஐப்பசி மழை விட்ட ஒரு ராத்திரி ஈசல் கிளம்பியது. அலர்ட் மேல் அலர்ட். பர்சன் ஃபில்டர் போட்டால் பூச்சிக்கு வராது என்று கடையில் சொன்னார்கள், வந்தது. லென்ஸை ஒட்டிப் பறக்கும்போது, இருட்டில் படம் தெரிவதற்காகக் கேமரா வீசும் ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சம் பட்டு வெள்ளை வெள்ளையாகப் பெரிய உருவம் போலத் தெரிகிறது. அதில் ஒன்றில் கேட்டுக்கு மேல் ஒரு கை நீண்ட மாதிரி இருந்தது. வார்டில் நின்றுகொண்டு அந்தப் படத்தையே பார்த்தேன். அடுத்த படத்தில் அது சிறகு.

கேமராவில் இருக்கும் ஐஆரை அணைத்துவிட்டு, தனி ஐஆர் விளக்கு ஒன்றை நாலடி தள்ளி மாட்டியிருக்கிறோம். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் பூச்சி மேல் நேராக வெளிச்சம் படாததால் இப்போது அது பளிச்சென்று தெரிவதில்லை, சிலந்தி வலையும் அப்படித்தான். 850 நானோமீட்டர் விளக்கில் லேசாகச் சிவப்பு தெரியும், 940 கண்ணுக்கே தெரியாது, ஆனால் அவ்வளவு தூரம் எட்டாது. நாங்கள் 850 வாங்கினோம்.

தாம்பரம் தம்பி, ஒரு வயர்லெஸ் காலிங் பெல் வாங்கி அதன் பட்டனை அம்மா கழுத்தில் கயிறு கட்டிப் போட்டுவிடுங்கள். எங்கள் வார்டில் விழுந்து வரும் பெரியவர்களில் பலர், கூப்பிட முடியாமல் கிடந்தேன் என்றுதான் சொல்கிறார்கள். ரிசீவரை உங்கள் தலைமாட்டில் வையுங்கள், ஹாலில் வேண்டாம்.