வாடிக்கையாளரிடம் பேசியதை சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரங்களைப் பதிவு செய்யும் மென்பொருள்) எப்படி எழுதி வைக்கிறீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை, பம்ப்செட் விற்பனையும் சர்வீஸும்

எங்கள் கடையில் சர்வீஸ் கால் எடுப்பதும் பதிவு செய்வதும் என் வேலை. போன கோடையில் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு விவசாயி கூப்பிட்டார். போர்வெல் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது, வாரண்டியில் மாற்றித் தாருங்கள் என்றார். எங்கள் மெக்கானிக் போய்ப் பார்த்தார். தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது, ட்ரை ரன்னுக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தார். விவசாயி விடவில்லை. "தண்ணி இல்லைன்னா தானா நிக்கிற பேனல் வேணும்னு வாங்கும்போதே சொன்னனுங்க. உங்க பையன் சரின்னாருங்க" என்றார்.

அந்தப் பையன் வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகிவிட்டது. விவசாயியின் போன் நம்பரைப் போட்டுத் தேடினேன். பையன் எழுதிய குறிப்பு இருந்தது: "போர் 650 அடி. கோடையில் தண்ணீர் இறங்கும் என்கிறார். 7.5 ஹெச்பி, த்ரீ பேஸ். ட்ரை ரன் கட் ஆகும் பேனல் கேட்டார். ஸ்டாக் இல்லை. இப்போதைக்கு சாதா பேனல், வந்ததும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்."

விவசாயி சொன்னது ஒரு எழுத்து மாறாமல் உண்மை. குறிப்பை முதலாளியிடம் காட்டினேன். ரீவைண்டிங் செலவைக் கடையே ஏற்றுக்கொண்டது, பேனலும் மாற்றிக் கொடுத்தோம். பதிவு என்பது கம்பெனியைக் காப்பாற்றத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது வாடிக்கையாளர் பக்கம் நின்றது. எனக்கு அந்தப் பையன் மேல் பெரிய மரியாதை வந்தது. கொடுத்த வாக்கை மறைக்காமல் எழுதி வைத்திருந்தார்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். "செய்து தருகிறோம்" என்று யார் யாரிடம் சொன்னாலும் குறிப்போடு நிறுத்தக் கூடாது, தேதியும் ஆள் பெயரும் போட்டு டாஸ்க் உருவாக்க வேண்டும். குறிப்பு தேடினால்தான் கிடைக்கும். டாஸ்க் அந்தத் தேதியில் தானாக வந்து முன்னால் நிற்கும்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

திருப்பூர், மெர்ச்சண்டைசர்

எங்கள் ஆடைத் தொழிலில் ஒரே ஆர்டருக்கான பேச்சு நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும். டெக் பேக் (ஆடையின் அளவு, துணி விவரங்கள் அடங்கிய தொகுப்பு) மெயிலில் வரும். டெலிவரி தேதியை வீடியோ காலில் பேசுவார்கள். பையிங் ஏஜென்ட் போனில் வேறொன்று சொல்வார். போட்டோ எல்லாம் வாட்ஸப்.

ஒரு நேவி ப்ளூ ஆர்டருக்கு ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துணித்துண்டு) அனுப்பியிருந்தோம். பயர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், மெயிலில் 'ஏ ஓகே' என்றார். பிறகு பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார் போல, 'பி போட்டுவிடுங்கள்' என்று வாட்ஸப்பில் மாற்றிச் சொன்னார். அது என் கூட வேலை பார்த்தவரின் சொந்த போனுக்கு வந்த மெசேஜ். அவர் கல்யாண லீவில் ஊருக்குப் போய்விட்டார். மெயிலைப் பார்த்தவர்கள் டையிங்குக்கு ஏ அனுப்பினார்கள். துணி சாயம் ஏறி வந்து, ஷேட் கார்டோடு வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. மறுபடி டையிங், அதில் போன நாட்கள், கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கில் ஒரு பகுதி ஏரில் போனது. ஏர் ஃப்ரைட் கட்டினால் அந்த ஆர்டரில் என்ன மிஞ்சும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என்ன பேசினாலும், எதில் பேசினாலும், அன்றைக்கே "நாம் பேசியபடி" என்று பயருக்கு ஒரு மெயில் போய்விடும். தலைப்பில் ஆர்டர் நம்பரும் ஸ்டைல் நம்பரும் கட்டாயம். ஸோஹோ, சேல்ஸ்ஃபோர்ஸ், ஹப்ஸ்பாட் என்ற சிஆர்எம் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இதற்கென்று ஒரு தனி மெயில் முகவரி தருகிறார்கள். அதை பிசிசியில் போட்டால் மெயிலின் நகல் அந்தப் பயரின் பதிவில் போய் உட்கார்ந்துவிடும். நாம் தப்பாகப் புரிந்திருந்தால் பயரே பார்த்துத் திருத்திவிடுகிறார். எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

சென்னை, ரியல் எஸ்டேட் ப்ரீ-சேல்ஸ்

டெலி-காலிங்கில் இருப்பவர்களுக்கு 'ஆர்என்ஆர்' தெரிந்திருக்கும். ரிங் போனது, எடுக்கவில்லை என்று அர்த்தம். ஒரு கிளிக்கில் முடியும் என்பதால், எழுதச் சங்கடமான எல்லாவற்றையும் சிலர் அதில் தள்ளிவிடுகிறார்கள்.

ஒரு பெண் ஃப்ளாட் பார்க்கப் பதிவு செய்திருந்தார். எங்கள் ஆள் கூப்பிட்டபோது, "அப்பா தவறிட்டார், அவருக்காகத்தான் வீடு பார்த்தோம், இனி கூப்பிடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். எங்கள் ஆள் ஆர்என்ஆர் போட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விட்டார். ஆர்என்ஆர் போட்ட லீட் (வாங்கக்கூடியவர் என்று பதிவான ஆள்) தானாக மறுநாள் லிஸ்டில் ஏறும். அடுத்த ஷிஃப்ட் கூப்பிட்டது. போதாக்குறைக்கு அந்தப் பெண் இன்னொரு தளத்திலும் பதிவு செய்திருந்ததால் அதே நம்பர் வேறொரு லீடாக வேறொருவரிடம் இருந்தது. அவரும் கூப்பிட்டார். "பால்கனி வியூ ஃப்ளாட் இன்னும் ரெண்டுதான் இருக்கு மேடம்" என்று. அந்தப் பெண் அழுதுகொண்டே பேசிய ரெக்கார்டிங்கை டீம் முழுக்க உட்கார்ந்து கேட்டோம். யாரும் பேசவில்லை.

'தொடர்பு வேண்டாம்' என்பதை இப்போது கால் முடிவுகளில் முதலில் வைத்திருக்கிறோம். அதை அழுத்தினால் அந்த நம்பர் உள்ள எல்லா லீடும் ஒன்றாக மூடும், மெசேஜும் போகாது. காரணம் கேட்கும் கட்டம் கிடையாது. ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அதுவே போதும். 1909ல் டிஎன்டி (விளம்பர அழைப்பு வேண்டாம்) பதிவு செய்திருக்கிறாரா என்று பார்ப்பது தனி வேலை. நம்மிடமே நேராகச் சொன்னவரை மறுபடி கூப்பிடுவது அதைவிட மோசம்.

மதுரை, டூவீலர் ஷோரூம்

எல்லாம் சரி. ஆனால் எங்கள் இடத்தில் ஒரு வாடிக்கையாளரைச் சேமிக்கப் பக்கம் முழுக்கக் கட்டாயக் கட்டங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் யார் அத்தனையும் நிரப்புவது? எல்லோரும் புள்ளி வைத்து சேவ் பண்ணுகிறார்கள். சீனியர் ஒருவர் இன்னமும் நோட்டுதான். அவர் நோட்டில் இருக்கும் விவரம் எங்கள் சிஸ்டத்தில் இல்லை என்பது உண்மை.

சென்னை, சிறு நிறுவனங்களுக்கு சிஆர்எம் அமைத்துத் தருபவன்

மதுரை நண்பர் சொல்வதை நான் போகிற இடமெல்லாம் பார்க்கிறேன். அந்த சீனியரின் நோட்டை வாங்கிப் பாருங்கள். அவர் எதையெல்லாம் எழுதுகிறாரோ அதுதான் உங்களுக்கு வேண்டிய கட்டங்கள். பெயர், போன், என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம், அடுத்து எப்போது. இதற்கு மேல் கட்டாயம் வைத்தால் புள்ளிதான் வரும். பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாம் பிறகு சேர்ந்துகொள்ளும். போனிலேயே தமிழில் குரல் டைப்பிங் இருக்கிறது, ஆள் வாசலைத் தாண்டியதும் பேசிப் பதிவு செய்யலாம். பிழை இருந்தாலும் பரவாயில்லை, அடுத்தவருக்குப் புரிந்தால் சரி.

சென்னை தோழி சொன்ன இரட்டை லீடுக்குப் பெரும்பாலும் காரணம் நம்பரை எழுதும் விதம். ஒருவர் +91 போடுவார், ஒருவர் முன்னால் 0 போடுவார், ஒருவர் நடுவில் இடம் விடுவார். மூன்றும் ஒரே ஆள் என்று மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்கும் என நம்பாதீர்கள். உள்ளே வரும்போதே ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டு, பிறகு நம்பரை வைத்து இரட்டைப் பதிவைத் தடுக்க வேண்டும்.

வாட்ஸப் விஷயம் கொஞ்சம் பெரிது. சேல்ஸ்ஃபோர்ஸ் 1999ல் தொடங்கியது, ஸோஹோ சிஆர்எம் 2005ல் வந்தது. வாட்ஸப் 2009ல்தான் வந்தது. முதல் இரண்டும் மெயிலையும் போனையும் நினைத்துக் கட்டியவை, வாட்ஸப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஊழியரின் சொந்த நம்பரில் நடக்கும் பேச்சு அவர் வேலையை விடும்போது அவரோடு போய்விடும். திருப்பூரில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். கம்பெனி நம்பரை வாட்ஸப் பிசினஸ் ஏபிஐ (வாட்ஸப்பை வேறு மென்பொருளோடு இணைக்கும் வழி) வழியாக சிஆர்எம்மோடு இணைத்தால் இரண்டு பக்கப் பேச்சும் பதிவாகும். ஆனால் வாடிக்கையாளர் கடைசியாக மெசேஜ் அனுப்பி 24 மணி நேரம் தாண்டிவிட்டால் நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது, முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட்தான் அனுப்பலாம். இதைச் சொல்லாமல் இணைத்துக் கொடுத்துவிட்டால் சேல்ஸ் ஆட்கள் மறுபடி சொந்த போனுக்கே போய்விடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கஞ்சன்", "சண்டைக்காரி", "டைம் வேஸ்ட்" என்றெல்லாம் குறிப்பில் எழுதுவதைப் பார்க்கிறேன். அதைப் படித்துவிட்டுப் பேசும் அடுத்த ஆளின் குரலே மாறிவிடுகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவில் எதையெல்லாம் வைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கும் உரிமையை மக்களுக்குத் தர வழி செய்திருக்கிறது. "விலை அதிகம் என்கிறார், தவணை இருந்தால் யோசிப்பதாகச் சொன்னார்" என்று எழுதுங்கள். அதை அவரே படித்தாலும் நமக்குக் கூச்சமில்லை, விற்பனைக்கும் உதவும்.

ஈரோடு, ஆன்லைன் ஜவுளி, புகார் பிரிவு

எங்களுக்கு நேரம்தான் எல்லாம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிஆர்எம்மோ நாங்கள் டிக்கெட் (புகார் பதிவு) போட்ட நேரத்தைத்தான் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருவர் இன்ஸ்டாவில் கிழிந்த புடவையின் படத்தை அனுப்பியிருப்பார். திங்கள் காலையில் நாங்கள் பார்த்து டிக்கெட் போடுவோம். எங்கள் அறிக்கையில் அரை மணியில் பதில் சொன்ன மாதிரி அழகாக இருக்கும். அந்த அம்மாவோ ரெண்டு நாளாக நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

அதனால் 'வாடிக்கையாளர் சொன்ன நேரம்' என்று தனியாக ஒரு கட்டம் வைத்தோம். கெடு அதிலிருந்துதான் ஓடும். முதல் வாரம் டாஷ்போர்டு முழுக்கச் சிவப்பாக இருந்தது, மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. அதைக் காட்டித்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆளைக் கேட்டு வாங்கினோம்.

கோவை, பம்ப்செட்

ஈரோட்டுக்காரருக்கு நன்றி. எங்களுக்கும் மோட்டார் நின்றுபோனால் ராத்திரியில் மிஸ்டு கால்தான் வரும். மிஸ்டு கால் நேரத்தையே புகார் நேரமாக எடுத்துக்கொள்வது பற்றி நாளைக்கு முதலாளியிடம் பேசுகிறேன். யாராவது மிஸ்டு காலை நேராக டிக்கெட்டாக மாற்றியிருந்தால், எந்த ஐவிஆர் (தானாகப் பதில் சொல்லும் போன் அமைப்பு) வழியாகச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.