ரூட்டர் மாற்றியதிலிருந்து ஸ்மார்ட் சுவிட்ச், பெல் கேமரா, பூட்டு மூன்றிலும் தகராறு. யாரைக் கூப்பிடுவது?

கேள்வி

வணக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி இருட்டில் எழுந்து சுவிட்சைத் தேடி நடக்கக் கூடாது என்பதற்காகவே ஹாலிலும் அவர் அறையிலும் ஸ்மார்ட் சுவிட்ச் போட்டோம். வாசலில் கேமரா வைத்த காலிங் பெல், கதவுக்கு ஸ்மார்ட் பூட்டு. ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடின.

போன மாதம் பழைய ரூட்டர் போய்விட்டதால் புதிது வைத்தோம். அன்றிலிருந்து சுவிட்ச் இரண்டும் ஆப்பில் ஆஃப்லைன். கையால் போட்டால் எரிகிறது, அணைத்தால் அணைகிறது. பெல்லைப் புது வைஃபையில் சேர்க்க முடிந்தது. ஆனால் கொஞ்ச நாளாகவே அதில் ஒரு தொந்தரவு: இருட்டிய பிறகு யாராவது பட்டனை அமுக்கினால் படம் இரண்டு நொடி வந்து நின்றுவிடும். பகலில் ஒன்றுமில்லை. பூட்டில் நேற்றுதான் பேட்டரி மாற்றினேன், அதற்குள் 'பேட்டரி குறைவு' என்கிறது. பூட்டும்போது முனகுகிறது.

வீட்டுச் சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் பார்க்கும் ஒருவரை வரவழைத்தேன். வந்ததும் ஹால் சுவிட்சைப் பத்து நொடி அமுக்கி ரீசெட் செய்தார். எங்கள் வைஃபையில் அது சேரவில்லை. தன் இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, தன் ஆப்பில் சேர்த்தார். சேர்ந்தது. மறுபடி எங்கள் வைஃபைக்கு மாற்றப் பார்த்தார், முடியவில்லை. "எல்லாம் போச்சு, மொத்தமாக மாற்றிவிடுங்கள்" என்றார். கிளம்பும் முன், விட்டு விட்டு எரிந்த ஹால் பல்பைக் கழற்றி, குறைந்த வாட் எல்இடி ஒன்றைப் போட்டார். இப்போது அந்த பல்பு அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது. நான் அந்த சுவிட்சைச் சேர்க்கப் போனால் 'இது ஏற்கெனவே வேறொரு கணக்கில் இருக்கிறது' என்று வருகிறது.

நிஜமாகவே எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? அடுத்து யாரைக் கூப்பிடுவது, எலெக்ட்ரீஷியனையா, நெட்வொர்க் பார்ப்பவரையா?

பதில் 1

எதையும் மாற்றாதீர்கள் அக்கா. ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த சுவிட்ச் செத்த சுவிட்ச் இல்லை. கோளாறு உங்கள் வைஃபை அமைப்பில் இருக்கிறது, அதை அவரே தெரியாமல் காட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த வகை சுவிட்சுகளில் பெரும்பாலானவைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும்தான் தெரியும். புது ரூட்டர்கள் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் கொடுக்கின்றன. உங்கள் போன் 5-இல் உட்கார்ந்திருக்கும்போது சுவிட்சைச் சேர்க்கப் போனால் பல ஆப்கள் தடுமாறும். இன்னொரு சந்தேகம், பாதுகாப்பு முறை. புது ரூட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால், டபிள்யூபிஏ2 மட்டுமே தெரிந்த சாதனம் உள்ளேயே வராது.

ஆள் கூப்பிடும் முன் இதைச் செய்து பாருங்கள். ரூட்டர் அமைப்பில் போய் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். 2.4-க்குப் பாதுகாப்பை டபிள்யூபிஏ2 ஆக்குங்கள். அதற்குப் *பழைய ரூட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல்* கொடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் இருக்கும் இடைவெளி எல்லாம் அப்படியே வர வேண்டும். அம்மா அறை சுவிட்சை யாரும் ரீசெட் செய்யவில்லைதானே? அது பழைய பெயரைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கும். சில நிமிடங்களில் தானாக ஆன்லைன் வந்தால் என் கணிப்பு சரி. அதுவரை எதையும் ரீசெட் செய்யாதீர்கள். ரீசெட் செய்தால் நேரம் குறித்து வைத்தது எல்லாம் அழிந்துபோகும்.

பதில் 2

நான் வயரிங் வேலை செய்பவன். முதல் பதில் சொன்னது சரி. மற்ற மூன்றையும் நான் சொல்கிறேன்.

மங்கலாக எரியும் பல்பு: உங்கள் சுவிட்ச் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) இல்லாத வகையாக இருக்க வேண்டும். அணைத்த பிறகும் அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட் உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்கான சிறு மின்னோட்டத்தை பல்பு வழியாகத்தான் எடுக்கும். பழைய பல்பில் அது தெரியாது. குறைந்த வாட் எல்இடிக்கு அந்தத் துளியே மினுக்கப் போதும். விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே அந்த சுவிட்ச் கம்பெனி சொல்லும் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தால் நிற்கும். போர்டுக்கு நியூட்ரல் இழுத்து, நியூட்ரல் வகை சுவிட்ச் போடுவது அதைவிட நல்லது. ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள்: "நியூட்ரல் இல்லையா, எர்த்தில் எடுத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டில் எர்த் எங்காவது விட்டுப்போனால், எர்த் இணைத்த உலோக உடம்பிலெல்லாம் மின்சாரம் ஏறி நிற்கும்.

பெல்: இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், அப்போது அது இழுக்கும் மின்சாரம் கூடும். வயர் போட்ட பெல் என்றால் டிரான்ஸ்ஃபார்மரோ நடுவில் ஒரு ஜாயிண்டோ அதைத் தாங்கவில்லை. பெல்லின் பின்னால் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கும், பல மாடல்களில் 16 முதல் 24 வோல்ட் ஏசி. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

பூட்டு: கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்டிப் பாருங்கள். முனகல் இல்லையென்றால் பூட்டு நல்ல பூட்டு, கதவுதான் இறங்கியிருக்கிறது. பேட்டரி ரீசார்ஜ் வகையா?

யாரைக் கூப்பிடுவது என்று கேட்டீர்கள். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன். போனிலேயே கேளுங்கள். டெஸ்டர் மட்டும் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு வருபவரால் பெல் வேலை ஆகாது. அந்த டெஸ்டர் 16 வோல்ட்டுக்கு மினுக்கக்கூடச் செய்யாது.

பதில் 3

கணக்கு விஷயத்தை யாரும் தொடவில்லையே. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் வேலை.

அவர் ஆப்பில் உங்கள் ஹால் சுவிட்ச் இருக்கும்வரை அது அவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அது உங்கள் வைஃபையில் சேர்ந்த பிறகும் அப்படியே இருந்தால், அவர் எங்கிருந்தும் போடலாம், அணைக்கலாம். வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை, சோதித்துப் பார்க்கும் அவசரத்தில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். சுவிட்சோடு போயிற்று, கேமராவைச் சேர்த்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கோபப்படாமல் போன் செய்து, அவர் ஆப்பிலிருந்து சாதனத்தை நீக்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் பட்டனை எவ்வளவு நேரம் அமுக்கினாலும் பழைய கணக்கிலிருந்து விடுபடாது. அவர் நீக்க வேண்டும், இல்லையென்றால் தயாரித்த கம்பெனிக்கு பில்லோடு எழுத வேண்டும்.

அடுத்து வருபவரிடம் உங்கள் போனைக் கொடுத்து, உங்கள் கணக்கில், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே செய்யச் சொல்லுங்கள். ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள், நீங்களே அடியுங்கள். பூட்டுக்கு அவருக்குத் தனி எண் கொடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

நான் ஆள் பார்ப்பது ஒரே ஒரு வழியில்தான். பிரச்சினையைச் சொன்னதும் "எப்போதிலிருந்து? அதற்கு முன் வீட்டில் என்ன மாற்றினீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறாரா என்று பார்ப்பேன். கேட்டால் வரச் சொல்லுவேன்.

கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் நன்றி. பழைய ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துப் பெயரையும் பாஸ்வேர்டையும் 2.4-க்குக் கொடுத்தேன். நாலு நிமிடம். அம்மா அறை சுவிட்ச் தானாக வந்துவிட்டது! அம்மா குறித்து வைத்திருந்த இரவு நேரங்கள்கூட அழியவில்லை.

முதலில் வந்தவருக்குப் போன் செய்தேன். பாவம், அப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியவில்லை. உடனே நீக்கினார். அடுத்த முயற்சியிலேயே ஹால் சுவிட்ச் என் ஆப்பில் சேர்ந்தது.

பெல்லுக்கும் பல்புக்கும் நேற்று ஒரு எலெக்ட்ரீஷியன் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வியே "எப்போதிலிருந்து?" என்பதுதான். பட்டப்பகலில் இரவுக் கோளாறை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தேன். ஒரு கறுப்புத் துணியால் பெல்லின் முகத்தை மூடினார், இருட்டு என்று நினைத்து இன்ஃப்ராரெட் எரிந்தது. ஆப்பில் நேரலையைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு மீட்டரை வைத்தார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 16 வோல்ட், பெல் பக்கம் 11. நிலைக்கு மேலே இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தால் உள்ளே முறுக்கி விட்டிருந்த ஜாயிண்ட் பச்சை பூத்துக் கிடந்தது, மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெட்டி, சீவி, கனெக்டர் போட்டார். இப்போது பெல் பக்கம் 15.6. நேற்று இரவு படம் நிற்கவே இல்லை.

ஹால் போர்டைத் திறந்து பார்த்தார், நியூட்ரல் இல்லை. விளக்குப் பக்கம் கெப்பாசிட்டர் வைத்தார், மினுக்கல் போய்விட்டது. பூட்டுக்கு நான் போட்டது ரீசார்ஜ் பேட்டரிதான். கதவைத் திறந்து வைத்துப் பூட்டினால் சத்தமே இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும்?

பதில் 2

ரொம்ப சந்தோஷம். அந்த ஜாயிண்ட் பெட்டிக்குள் மறுபடி தண்ணீர் இறங்காமல் மேல் விளிம்பை சிலிக்கானால் அடைத்துவிடச் சொல்லுங்கள், அடியில் திறப்பை அப்படியே விடட்டும்.

ரீசார்ஜ் பேட்டரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், பூட்டு எதிர்பார்ப்பது 1.5. அதனால்தான் முழு சார்ஜிலும் குறைவு என்கிறது. சாதாரண ஆல்கலைன் போடுங்கள். லித்தியம் வேண்டாம், அது கடைசிவரை நிறைவாகவே காட்டிவிட்டுத் திடீரென்று நின்றுவிடும், நீங்கள் வெளியில் மாட்டிக்கொள்வீர்கள்.

கதவுக்கு ஆள் தேவைப்படாமலே போகலாம். மேல் கீலின் ஸ்க்ரூக்களை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கிப் பாருங்கள், லேசாக ஆடிக்கொண்டிருக்கும். இறுக்கியும் நாக்கு உரசினால் அதன் முனையில் கொஞ்சம் சாக்பீஸ் தடவி ஒருமுறை பூட்டுங்கள். நிலையில் இருக்கும் தகட்டில் எந்த இடத்தில் வெள்ளை ஒட்டுகிறதோ, அங்கே தச்சர் அரம் போட்டால் போதும்.

கேட்டவரின் பதில்

மேல் கீலில் இரண்டு ஸ்க்ரூ முக்கால் சுற்று இறங்கியது. முனகல் நின்றுவிட்டது. ஆல்கலைன் போட்டேன், எச்சரிக்கையும் போய்விட்டது. அம்மா கட்டிலில் இருந்தபடியே ஹால் லைட்டைப் போட்டு அணைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.