சேரக் கூடாதவை சேராமல் இருக்க: வீட்டில் ரீலோடிங் சாமான் வைக்கும் அனுபவங்கள்

மிச்சிகனிலிருந்து:

ரீலோடிங் என்பது சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் புதுப் பிரைமர் (தீப்பற்றவைக்கும் சின்ன மூடி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பாய்ந்து போகும் முனை) வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்புவது. அந்தச் சாமான்களை வீட்டில் எங்கே, எப்படி வைக்கிறீர்கள் என்று இதற்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதிலுக்குப் பெரும்பாலும் அலமாரிப் படங்கள்தான் வருகின்றன. வரிசையாக நீலப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் லேபிள். நன்றாகத்தான் இருக்கிறது. தேடினால் கிடைக்க வேண்டும் என்பதும் நியாயம்தான், ஆனால் என்னைக் கேட்டால் அது இரண்டாவது. சேரக் கூடாத இரண்டு பொருள்கள் எந்த நாளிலும் சேராமல் இருக்க வேண்டும் என்பதுதான் முதலாவது. எனக்கு இதைப் புரியவைத்தது எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் பேஸ்மென்ட்.

கார்த் தொழிற்சாலையில் டூல் அண்ட் டை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும் நவம்பர் 15 அன்று வீட்டில் இருக்கவே மாட்டார். அவர் காலமான பிறகு அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "கீழே இருப்பது எதுவும் எனக்குத் தெரியாது, நீ வந்து பார்த்துச் சொல்" என்றார். துப்பாக்கிகளை மகன் ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார். மிச்சம் இருந்தவை தோட்டா நிரப்பும் பிரஸ், அதில் பொருத்தும் அச்சுகளான டைகள், உதிரி பாகங்கள், பவுடர், பிரைமர்.

அந்த மேசையைப் பார்த்து முதலில் எனக்குப் பொறாமைதான் வந்தது. குழந்தை உணவு வரும் சின்னக் கண்ணாடி ஜாடிகளின் மூடிகளை உத்தரத்தின் அடியில் திருகாணி வைத்து முடுக்கி, ஜாடிகளை அதில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார். ஒரு கையால் ஜாடியைத் திருகினால் கழன்று வந்துவிடும். ஒன்றில் ஸ்கோப் பேஸ் திருகுகள், ஒன்றில் ரோல் பின்கள், ஒன்றில் எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றுக்குள்ளும் எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்று பென்சிலில் எழுதிய சீட்டு. டை பெட்டிகளுக்குள் எந்த அமைப்பில் நிறுத்தினார் என்ற குறிப்பு. தனியாக ஒரு நோட்டு: தேதி, பவுடர், எடை, பிரைமர், புல்லட், தோட்டாவின் மொத்த நீளம். அப்படி எழுதி வைக்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

அப்புறம் அதே வரிசையின் கடைசி ஜாடியைப் பார்த்தேன். முக்கால் அளவுக்குப் பிரைமர்கள், உதிரியாக. சீட்டு இல்லை.

கம்பெனி 100 பிரைமர்களைத் தட்டில் தனித்தனிக் குழியில் வைத்து, பத்துத் தட்டுகளைச் செங்கல் மாதிரி ஒரே பெட்டியாக்கி விற்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரைமருக்குள் இருப்பது அடிபட்டால் வெடிக்கும் கலவை. தட்டில் ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளவைக்குப் பரவாமல் இருக்க வழி உண்டு. ஜாடியில் குவித்து வைத்தால் ஒன்றின் அடி மொத்தத்தையும் எழுப்பிவிடும், கண்ணாடியும் சேர்ந்து பறக்கும். இன்னொன்று, ஸ்மால் ரைபிள் பிரைமரும் ஸ்மால் பிஸ்டல் பிரைமரும் ஒரே 0.175 அங்குல விட்டம். பெட்டியை விட்டு வெளியே வந்தால் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. ஜாடியில் விழுந்த நிமிடமே அவை யாருக்கும் உதவாத சாமான் ஆகிவிட்டன.

பவுடர் அலமாரி இன்னும் மோசம். ஒரு தகர டப்பாவில் ஐ.எம்.ஆர். 4895 என்று லேபிள். மூடியைத் திறந்தால் உள்ளே தட்டையான செதில்கள். 4895 சின்னக் குச்சி வடிவத்தில் இருக்கும் ரைபிள் பவுடர். செதில் வடிவம் பெரும்பாலும் ஷாட்கன், பிஸ்டல் பவுடர், மிக வேகமாக எரியக்கூடியது. யாராவது லேபிளை நம்பி 30-06 ரைபிள் தோட்டாவின் கூட்டில் அதை நிரப்பியிருந்தால் துப்பாக்கி முகத்துக்கு நேரே சிதறியிருக்கும். இன்னொரு டப்பாவின் விளிம்பெல்லாம் துரு. நல்ல பவுடரைத் திறந்தால் ஈதர், ஸ்பிரிட் மாதிரி ஒரு வாசனை வரும். இது மூக்கைக் குத்தியது. மேலே செம்பழுப்புத் தூள். நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் தானாகவே சிதையும், அதைத் தடுக்கச் சேர்க்கும் நிலைப்படுத்தி தீர்ந்ததும் அமிலப் புகை கிளம்பும், தகரத்தையும் அரிக்கும். அந்த நிலைக்கு வந்த பவுடரை ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தீயணைப்புத் துறையின் அவசரமல்லாத எண்ணுக்கு அழைத்தோம். வந்து பார்த்தவர்கள் அந்த ஜாடியையும் சந்தேகத்துக்குரிய டப்பாக்கள் அத்தனையையும் எடுத்துப் போனார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோட்டு எழுதிய கை அது. கண் மங்கிய கடைசிக் காலத்தில் ஏதோ ஒரு மதியம் காலி டப்பாவில் எதையோ கொட்டியிருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், பவுடரை அது வந்த டப்பாவை விட்டு வேறு டப்பாவுக்கு மாற்றவே கூடாது, எந்தக் காரணத்துக்காகவும்.

என் வீட்டில் பவுடர் ஒரு மர அலமாரியில் இருக்கிறது. ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் பக்கமே கிடையாது. பிரைமர்கள் அறையின் எதிர்மூலையில் வேறு அலமாரியில். பலர் பவுடரைத் துப்பாக்கி சேஃபுக்குள் வைக்கிறார்கள், பத்திரம் என்று நினைத்து. தயவுசெய்து வேண்டாம். புகையற்ற பவுடர் திறந்த இடத்தில் வேகமாக எரியும், அவ்வளவுதான். இறுக்கமான இரும்புப் பெட்டிக்குள் தீப்பிடித்தால் வாயு வெளியேற வழியில்லாமல் பெட்டியே குண்டாகிவிடும். பவுடர் டப்பாக்களைக் குறைந்த அழுத்தத்திலேயே பிளந்துகொள்ளும்படி செய்வதும் இதனால்தான். என்.எஃப்.பி.ஏ. 495 தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி வீட்டில் 20 பவுண்டு வரை அசல் டப்பாவில் வைக்கலாம். அதற்கு மேல் 50 வரை போனால் ஒரு அங்குலத் தடிப்புள்ள மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். 2020, 2021இல் பிரைமர் கிடைக்காமல் தவித்தபோது கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவித்தவர்கள் இந்த எண்ணை மறந்தே போனார்கள்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பா. வேலை முடிந்ததும் பவுடரை அளந்து ஊற்றும் மெஷரில் மிச்சம் இருப்பது உடனே அதே டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். இரவு முழுக்க விட்டால் சில பவுடர்கள் பிளாஸ்டிக் குழாயையே அரித்துவிடும், மறுநாள் அது எந்தப் பவுடர் என்ற கேள்வியும் வரும்.

நிரப்பி முடித்த தோட்டாக்களிலும் இதே கதைதான். .300 பிளாக்அவுட் தோட்டா .223 கூட்டிலிருந்து பிறந்தது, தோட்டாக்களை அடுக்கும் அதே மேகசினில் உட்காரும். சில புல்லட்டுகளோடு, .223 தோட்டாவைச் சுடும் 5.56 ரைபிளின் சேம்பருக்குள், அதாவது தோட்டா உட்காரும் அறைக்குள், முழுதாகப் போய் போல்ட்டும் மூடிக்கொள்ளும். விசையை அழுத்தினால் .308 அங்குலப் புல்லட் .224 அங்குலக் குழலுக்குள் போகப் பார்க்கும். இப்படி வெடித்த ரைபிள்கள் ஏராளம். அப்போதைய தென் மிச்சிகன் வேட்டை விதி அனுமதித்த 350 லெஜெண்ட் தோட்டாவுக்கான ரைபிளையும் நான் வாங்கியிருந்ததால் என்னிடம் ஒரே மாதிரித் தோற்றமுள்ள ரைபிள்கள் சேர்ந்துவிட்டன. அதனால் ஒவ்வொரு காலிபருக்கும், அதாவது தோட்டா அளவுக்கும், தனி நிறம். அதன் மேகசின், தோட்டா வைக்கும் அம்மோ கேன், அலமாரித் தட்டு எல்லாம் அந்த நிறத்தில்தான். 20 கேஜ் ஷாட்கன் தோட்டாவை மஞ்சளில் செய்வது 12 கேஜ் தோட்டாவோடு கலந்துவிடக் கூடாது என்றுதான். அந்த யோசனையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

உதிரி பாகங்களில் இரண்டு விஷயம். கழற்றிய பழைய ரீகாயில் ஸ்பிரிங்கைப் புதியதோடு ஒரே பையில் போடாதீர்கள், இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மற்றது, எது வெறும் பாகம், எது சட்டப்படி துப்பாக்கி என்று தெரிந்து வையுங்கள். ஏ.ஆர்-15 ரைபிளில் லோயர் ரிசீவர் என்ற கீழ்ச்சட்டம்தான் துப்பாக்கி, பி320 பிஸ்டலில் உள்ளே விசையோடு இருக்கும் அந்தச் சின்ன ஃபயர் கண்ட்ரோல் யூனிட். அது ஸ்பிரிங் டப்பாவோடு மேசை இழுப்பறையில் கிடக்கக் கூடாது, பூட்டுக்குள் போக வேண்டும். 2024 பிப்ரவரி 13 முதல் மிச்சிகனில், 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் அல்லது வரக்கூடிய வீட்டில் ஆளில்லாமல் விடும் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் வராவிட்டாலும் செய்ய வேண்டியதுதான்.

என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். எந்தத் தட்டில் என்ன, எதைத் தொடக் கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும். என் மனைவி அதைப் படித்துப் பார்த்து, புரியாத இரண்டு வரிகளை மாற்றச் சொன்னாள். மாற்றினேன்.

*

ஹூஸ்டனிலிருந்து:

மிச்சிகன் அண்ணா சொன்ன பவுடர் வாசனை விஷயத்தை எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். இங்கே முக்கால்வாசி வீடுகளில் பேஸ்மென்ட் கிடையாது, எல்லாம் கராஜுக்குத்தான் போகும். ஆகஸ்ட் மதியம் கராஜ் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அனல் தெரியும்தானே? அந்தச் சூட்டில் பவுடரின் ஆயுள் வேகமாகக் குறையும். வீட்டுக்குள் ஏ.சி. ஓடும் ஒரு குளோசெட்டின் மேல்தட்டைக் கேட்டு வாங்குங்கள். பிரஸ் வேண்டுமானால் கராஜிலேயே இருக்கட்டும்.

ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துப்பாக்கிக்கான, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்த பிளாஸ்டிக் கேஸ் பயணத்துக்கு மட்டும்தான். மாதக்கணக்கில் அதிலேயே வைத்தால் ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, படிந்த இடமெல்லாம் துருக்கோடு விழும். நண்பர் ஒருவரின் ரிவால்வர் குழலில் ஸ்பாஞ்சின் புள்ளிகள் அப்படியே அச்சாகப் பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். தோல் பெல்ட்டில் செருகிய தோட்டாக்களும் அப்படித்தான், தோலைப் பதப்படுத்தும் ரசாயனம் பித்தளையைப் பச்சையாக்கிவிடும். சேஃபுக்குள் சூடாக்கும் கம்பி ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் போட்டு, ஈரப்பதமானி 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம், நம்மவர்களுக்கு மட்டும் உரியது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, கிரீன் கார்டு வந்ததும் ரைபிள் வாங்கி ரீலோடிங்கும் தொடங்கிவிட்டார். வீட்டில் கூட இருந்த இருவரும் எச்-1பி. ரைபிள் அவர் அறையில் பூட்டில். பவுடர், பிரைமர், காலிக் கூடுகள் எல்லாம் மூவரும் புழங்கும் பொது அலமாரியில், அரிசி மூட்டைக்கு மேல் தட்டில்.

கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு. பலருக்கு இது தெரியும். தோட்டா என்பதற்குச் சட்டம் கொடுக்கும் பொருளில் காலிக் கூடு, பிரைமர், புல்லட், பவுடர் ஒவ்வொன்றும் தனித்தனியாகவே அடங்கும் என்பது தெரியாது. அந்தப் பொது அலமாரிக்கு மூவர் கையும் போகிறது. ஏதாவது காரணத்துக்காகப் போலீஸ் வந்தால் அது யாருடையது என்ற கேள்வி அந்த இருவரின் விசாவையும் தொடும். தம்பியிடம் உட்காரவைத்துச் சொன்னேன். அன்று மாலையே பூட்டு வைத்த மர அலமாரி வாங்கித் தன் அறைக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார், சாவியும் அவரிடம் மட்டும். அண்ணா, சேரக் கூடாதவை என்று நீங்கள் சொன்னதில் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

ஓஹையோவிலிருந்து:

நான் யு.எஸ்.பி.எஸ்.ஏ. பிஸ்டல் போட்டிகளுக்குச் சுடுகிறேன், 9 மி.மீ. நானே நிரப்புவதுதான். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. யாரும் ஈயத்தைப் பற்றி எழுதவில்லையே என்று இருந்தது.

சுட்ட கூடுகளுக்குள் இருக்கும் கரியில் பிரைமரிலிருந்து வந்த ஈயம் உண்டு. வால்நட் ஓட்டுத்தூளோ சோளத்தண்டுத் தூளோ போட்டு, கூடுகளைத் துலக்கும் இயந்திரமான டம்ளரில் சுழற்றும்போது அது தூளோடு கலந்து, மூடியைத் திறந்ததும் புழுதியாகக் கிளம்பும். தரையில் படியும். தவழும் குழந்தையின் கை தரையில், அடுத்த நொடி வாயில். குழந்தை உண்டானதும் நான் செய்த முதல் மாற்றம் உலர் டம்ளரைக் கொடுத்துவிட்டு ஸ்டீல் ஊசி போட்டுத் தண்ணீரில் கழுவும் டம்ளருக்கு மாறியதுதான். அதிலும் அழுக்குத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதில்லை. சாமான் அறைக்குள் தனிச் செருப்பு, தனி ஏப்ரன், இரண்டும் கதவைத் தாண்டாது. தரையைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அந்த அறையில் காபி, முறுக்கு எதுவும் கிடையாது. சுடும் ரேஞ்சிலிருந்து வந்த துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைப்பதில்லை.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2021இல் குழந்தைகளின் ரத்த ஈய அளவுக்கான கவனிப்பு எல்லையை டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என்றும் சொல்கிறார்கள். குழந்தை மருத்துவரிடம் வீட்டில் ரீலோடிங் செய்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லி, பரிசோதனை எழுதச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்பட வேண்டாம். எங்கள் மருத்துவர் முகம் சுளிக்கவே இல்லை, தரை எப்படித் துடைக்கிறீர்கள் என்றுதான் கேட்டார்.

மிச்சிகன் அண்ணா, கதவில் ஒட்டும் காகிதத்தை நானும் எழுதிவிட்டேன். உங்கள் பட்டியலோடு நச்சு உதவி மைய எண் 1-800-222-1222ஐயும் பெரிய எழுத்தில் சேர்த்திருக்கிறேன். குழந்தையைப் பார்க்க இந்தியாவிலிருந்து அம்மா வருகிறார், அதனால் தமிழிலும் ஒரு பிரதி.