புதுப்பிப்பு: கோப்பு சர்வரின் வேகக் குறைவுக்குக் காரணம் கேபிள் அன்று

எங்கள் அலுவலகக் கோப்பு சர்வருக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) சீராகச் சென்றும் பெரிய கோப்புகள் மட்டும் ஊர்வதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். பலர் சொன்னபடி கேபிளை மாற்றியும் பயனில்லை. பிழை எண்ணிகளைப் பூஜ்யமாக்கி, பெரிய கோப்பொன்றை நகலெடுத்தபடியே சர்வர், அது இணைந்துள்ள சுவிட்ச் (கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் கருவி) என இரு முனைகளையும் ஒப்பிட்டபோதுதான், சுவிட்ச் போர்ட்டில் தாமத மோதல்களும் சர்வர் பக்கம் சி.ஆர்.சி. பிழைகளும் (தரவு சிதைந்து வந்ததைக் காட்டுபவை) சேர்ந்தே ஏறுவது தெரிந்தது. ஒரு தரவுப் பொட்டலத்தின் முதல் 64 பைட்டுகள் சென்றபின், மறுமுனையும் அனுப்புவதால் நேரும் மோதலே தாமத மோதல்; கேபிள் 100 மீட்டருக்குள் இருக்கையில் அது பெரும்பாலும் டூப்ளெக்ஸ் பொருந்தாமையையே சுட்டும்; அதாவது, ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்ய (முழு டூப்ளெக்ஸ்), மறுமுனை அவற்றை மாறி மாறியே செய்யும் (அரை டூப்ளெக்ஸ்). சர்வரின் போர்ட்டை யாரோ 100 மெகாபிட், முழு டூப்ளெக்ஸ் என நிலையாக அமைத்திருந்ததால், ஆட்டோ நெகோஷியேஷனுக்கு (இரு முனைகளும் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தாமே பேசி முடிவுசெய்யும் முறை) மறுமொழி பெறாத சுவிட்ச், விதிப்படியே அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கியிருந்தது. பிங் பொட்டலங்கள் சிறியவையாகவும் அரிதாகவும் செல்வதால் இது அவற்றில் வெளிப்படவில்லை. இரு முனைகளையும் ஆட்டோவுக்கு மாற்றியபின் மூன்று நாட்களாக எந்த எண்ணியும் நகரவில்லை.