புதுநகரத்தில் 18 மில்லிகால் பள்ளம்: பிளவின் விளிம்பா, என் தப்பா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக மலம்புழாவிலிருந்து கொல்லங்கோடு வரை, பாலக்காட்டுக் கணவாய்க்குக் குறுக்கே, அரை கிலோமீட்டருக்கு ஓர் இடமாக ஈர்ப்பு அளந்தேன். இரவல் கிராவிமீட்டர், இரண்டு நாள் வேலை. டிரிஃப்ட் (கருவியின் நகர்வு), டைடு (நிலா, சூரியன் இழுப்பு), அட்சரேகை, உயரம், 2.67 அடர்த்தியில் பூகே திருத்தம் (கடல் மட்டத்துக்கு மேலுள்ள பாறையின் இழுப்பைக் கழிப்பது) எல்லாம் போட்டாயிற்று. புதுநகரம் வரை கோடு அமைதியாக வருகிறது. அங்கே பக்கத்துப் பக்கத்து இரண்டு இடங்களுக்கு நடுவில் 18 மில்லிகால் (ஈர்ப்பின் அலகு) பொத்தென்று விழுந்து, அதற்குத் தெற்கே மேலே ஏறவே இல்லை.

கென்யப் பிளவுப் பள்ளத்தாக்கிலும் பூகே மதிப்பு இப்படி இறங்கும் என்று படித்தேன். கணவாய்க்கு அடியிலும் பிளவின் விளிம்பு இருக்குமோ? கைடிடம் காட்டுவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

மலையோரம்:
இறக்கத்தின் ஆழத்தை விடுங்க தம்பி, அகலத்தைப் பாருங்க. கென்யாவில் அந்த இறக்கம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. காரணம் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் சூடான, லேசான மேன்டில் அடுக்கு. பிளவின் அச்சில் மட்டும் ஒரு சின்ன மேடு எழும்பும். மேலோட்டுக்குள் புகுந்த கனமான பாறைக்குழம்பு அது. நில அதிர்வு ஆய்வில் மேலோட்டின் தடிமன் நைவாஷா பக்கம் 35 கிலோமீட்டர், வடக்கே துர்கானா ஏரிக்கு அடியில் 20 என்று தெரிந்த பிறகுதான் ஈர்ப்பு மாதிரிகளும் உறுதிப்பட்டன.

உங்கள் கோடு பொத்தென்று விழும் அந்தப் படிக்கு வருவோம். பிளவுக் கோடு (ஃபால்ட்) ஒன்றின் ஈர்ப்புப் படியில், மொத்த இறக்கத்தின் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரையுள்ள தூரம், மூலத்தின் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு. 500 மீட்டரில் முடிகிறது என்றால் ஆழம் 250 மீட்டருக்குள். இரு பக்கப் பாறைகளின் அடர்த்தி வித்தியாசம் 0.3 என்று வைத்தாலும் 18 மில்லிகாலுக்கு 1,400 மீட்டர் தடிமன் வேண்டும். 250 மீட்டர் ஆழத்தில் அதை எங்கே வைப்பீர்கள்? இது பூமி செய்த வேலை மாதிரி தெரியவில்லை.

செக்போஸ்ட் டீக்கடை:
இரண்டாம் நாள் பேஸ் ஸ்டேஷனை (மற்ற அளவுகளை ஒப்பிடும் இடத்தை) மாற்றினீர்களா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இல்லைங்க, இரண்டு நாளும் பாலக்காட்டில் ஒரே இடம்தான். சாயங்காலம் திரும்ப வந்து மூடினேன், டிரிஃப்ட் 0.04தான். ஆனால் முதல் நாள் உயரத்துக்குக் கையடக்க ஜிபிஎஸ், இரண்டாம் நாள் டிஜிபிஎஸ் (இன்னும் துல்லியமான ஜிபிஎஸ்). புதுநகரத்தில்தான் மாற்றினேன்.

பழைய சர்வேக்காரர்:
தம்பி, புதுநகரம் ரயில்வே ஸ்டேஷன் மஞ்சப் பலகையில் கடல் மட்ட உயரம் எழுதியிருக்கும். அதை உங்கள் அட்டவணையோடு ஒத்துப் பாருங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்து இடத்துக்கு என் அட்டவணையில் 4 மீட்டர். பலகையில் அதைவிட 90 சொச்சம் கூடுதல்!

பழைய சர்வேக்காரர்:
அவ்வளவுதான் விஷயம். டிஜிபிஎஸ் தந்தது எலிப்சாய்டுக்கு (பூமியின் வடிவத்துக்கு வைத்த வழவழப்பான கணித உருவத்துக்கு) மேலான உயரம். கையடக்கக் கருவி ஜியாய்டை (ஈர்ப்பு தீர்மானிக்கும் கடல் மட்டப் பரப்பை) கழித்துக் கடல் மட்ட உயரமாகவே காட்டிவிடும். இந்தியப் பெருங்கடலின் ஜியாய்டு பள்ளம் நம்மையும் இழுத்துவைத்திருக்கிறது. இந்தப் பக்கம் ஜியாய்டு எலிப்சாய்டுக்குச் சுமார் 90 மீட்டர் கீழே. மீட்டருக்கு உயரத் திருத்தம் 0.3086 மில்லிகால்; அதில் பூகே திருத்தம் 0.1119 போனால் 0.1967. தொண்ணூறால் பெருக்கினால் ஏறக்குறைய 18. உங்கள் பிளவு அங்கேதான் இருக்கிறது. டிஜிபிஎஸ் உயரங்களை இஜிஎம்2008 என்ற ஜியாய்டு மாதிரியை வைத்துக் கடல் மட்ட உயரமாக மாற்றுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மாற்றினேன் ஐயா, இப்போது பள்ளம் 35 ஆகிவிட்டது!

மலையோரம்:
குறி! ஜியாய்டு மதிப்பே மைனஸ். 4-இலிருந்து மைனஸ் 90-ஐக் கழித்தால் 94 வரணும். நீங்க மைனஸ் 86 ஆக்கிவிட்டீர்கள். எல்லோரும் ஒரு தடவை விழுகிற குழிதான், நானும் விழுந்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
படி போய்விட்டது. கொஞ்சம் வருத்தமும்தான்! ஆனால் கொல்லங்கோடு பக்கம் கடைசி நாலைந்து இடங்களில் 3 மில்லிகால் மெதுவாக இறங்குகிறது. இதுவும் தப்பா?

பழைய சர்வேக்காரர்:
நெல்லியாம்பதி மலைச்சுவர் பக்கத்திலேயே நிற்கிறதே, நிலப்பரப்புத் திருத்தம் போட்டீர்களா? நீங்கள் சொன்ன பட்டியலில் அது இல்லை. மலை கருவியை மேல்நோக்கி இழுக்கும், அதனால் அளவு குறையும்; திருத்தம் எப்போதும் கூட்டல்தான். அப்புறம் முதல் நாள் இடங்களையும் டிஜிபிஎஸ்ஸால் மறுபடி எடுங்க. கையடக்கத்தில் 5 மீட்டர் பிசகினாலே 1 மில்லிகால் போச்சு.

மலையோரம்:
மோஹோவை (மேலோட்டுக்கும் மேன்டிலுக்கும் நடுவிலான எல்லையை) பற்றி எழுதும் ஆசை இருந்தால் இந்தக் கோடு பத்தாது. 40 கிலோமீட்டர் ஆழத்துப் படி 80 கிலோமீட்டருக்குப் பரவும். கணவாயின் அகலமே சுமார் 30தான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரிங்க. ஞாயிற்றுக்கிழமை மலம்புழாவிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்.